பாட்டி சொன்னால் நடக்கும்: தாய்ப்பால் நிலைக்க வீட்டுப் பெரியவர்களின் பங்கு

(லெம்பா பெர்த்தாமில் மூத்தோருக்கான சுகாதாரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் குளிரில் காலை வேலைகளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருக்கும்போது நீங்கள் எடுத்துப் புரட்டுகிறீர்களே, அந்த மாதிரித் தாள்கள்.

என் வேலையில் நடந்த ஒரு சின்னக் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். தாய்ப்பால் பற்றிய ஒரு கையேட்டில், குழந்தைக்கு முதல் ஆறு மாதம் "பிரத்தியேகத் தாய்ப்பாலூட்டல்" தேவை என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அதை ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "பிரத்தியேகப் பாலா? அது எந்தக் கடையில கிடைக்கும்மா?"

தப்பு என்னுடையது. வீட்டுக்குப் போய் அந்த வரியை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். வேறு எதுவும் வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம்." பாட்டி மறுபடி படித்துப் பார்த்தார். "இது புரியுது. ஆனா தண்ணிகூட வேணாம்னா யாரு கேப்பா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். யார் கேட்பார்கள்? நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பிள்ளை பெற்ற பெண் கிளினிக்குக்குப் போவது எப்போதோ ஒரு நாள். வீட்டில் இருப்பது இரவும் பகலும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும்போது அங்கே தாதி இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்தான் தாய்ப்பால் தொடருமா, நின்றுபோகுமா என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்கிறது.

உங்களுக்கு அன்று சொன்னது வேறு

"நாங்க டின் பால் கொடுத்துத்தான் பிள்ளைங்கள வளர்த்தோம். அவங்க என்ன கெட்டா போயிட்டாங்க?" என்று உங்களில் பலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்விதான். அதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது.

உங்கள் காலத்தில் உங்களுக்கு என்ன சொன்னார்கள்? டின் பால் சத்தானது என்றார்கள். புட்டியில் கொடுத்தால் எவ்வளவு குடித்தது என்று அளவு தெரியும் என்றார்கள். நாலு மணிக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்க வேண்டும், அதற்குள் அழுதால் விட்டுவிடுங்கள் என்றார்கள். டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். பேறு முடிந்து இரண்டு மாதத்தில் வேலைக்குப் போக வேண்டும். தாய் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குப் புட்டிதான் கைகொடுத்தது. நீங்கள் செய்ததில் குற்றம் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டீர்கள், உங்களுக்கு இருந்த வழியில் வளர்த்தீர்கள்.

ஆனால் அந்தக் காலத்திலேயே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களில் நம் மலாயாப் பக்கம் வேலை செய்தார். சீனி போட்ட கெட்டிப் பாலைக் குழந்தைகளுக்கு நல்லது என்று விற்றதால் எத்தனை குழந்தைகள் நோய்ப்பட்டன, எத்தனை இறந்தன என்பதை நேரில் பார்த்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". அவ்வளவு கோபம் அவருக்கு. இன்றைக்கும் கெட்டிப் பால் டின்களில் அது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கும். தேத்தண்ணீருக்குப் பயன்படுத்தும்போது படித்துப் பாருங்கள்.

பால் மாவு குடித்த பிள்ளைகள் எல்லாரும் கெட்டுப்போய்விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி, காது வலி குறைவாக வருகின்றன என்றுதான் சொல்கிறார்கள். தாய்க்கும் நன்மை உண்டு. பால் கொடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், இனிப்புநீர் ஆகியவை வரும் வாய்ப்பு குறைகிறது. இனிப்புநீர் என்றால் என்ன என்று நம் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேத்திக்கு அது வராமல் இருக்க ஒரு வழி உண்டென்றால், அதை நாம் விடலாமா?

அரசாங்கம் செய்திருப்பது

நம் நாட்டில் இதற்கான முயற்சி நேற்று தொடங்கியதல்ல. 1979-இலேயே மலேசியா குழந்தைப் பால் மாவு விற்பனைக்கு ஓர் ஒழுக்க நெறியைக் கொண்டுவந்தது. உலகச் சுகாதார மன்றம் அனைத்துலக அளவில் இப்படியொரு நெறியை ஏற்றுக்கொண்டது 1981-இல்தான். கைக்குழந்தைகளுக்கான பால் மாவை மக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி டின்கள் கொடுக்கக்கூடாது என்பவை இத்தகைய நெறிகளின் முக்கிய அம்சங்கள். அன்று டின்னில் சிரித்த குழந்தைப் படத்தை இன்று கைக்குழந்தைப் பால் மாவில் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

1993-இல் தேசியத் தாய்ப்பால் கொள்கை வந்தது. அப்போது 4 முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று சொன்னார்கள். 2001-இல் உலகச் சுகாதார மன்றம் முழுதாக 6 மாதம் என்று தீர்மானித்தது. அதையொட்டி 2005-இல் நம் கொள்கையும் மாற்றப்பட்டது. இப்போதைய அறிவுரை இதுதான்: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பால். உங்கள் மகளுக்கு "நாலு மாசத்துல கஞ்சி கொடுக்கலாம்" என்று அன்று தாதியே சொல்லியிருக்கலாம். அது அன்றைய அறிவுரை. இன்று உங்கள் பேத்தியிடம் ஆறு மாதம் என்கிறார்கள். தாதி மாற்றிச் சொல்லவில்லை, அறிவுரைதான் மாறியது.

மருத்துவமனைகளும் மாறின. அன்று பிள்ளை பிறந்ததும் தனி அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இன்று பிறந்த குழந்தையை ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் போடுகிறார்கள். தாயும் சேயும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். புட்டி, ரப்பர் சூப்பான் கொடுப்பதில்லை. இப்படி நடக்கும் மருத்துவமனைகளைக் குழந்தை நேய மருத்துவமனைகள் என்கிறார்கள். 1998-க்குள் மலேசியாவின் அரசாங்க மருத்துவமனைகள் எல்லாம் இந்த அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டன.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடப்படுகிறது. 1992-இல் தொடங்கிய இந்த வாரத்தை ஒருங்கிணைக்கும் உலக அமைப்பின் தலைமை அலுவலகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. இது நமக்குப் பெருமை.

பலன் தெரிகிறதா? தெரிகிறது. 2006-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவை 14.5 விழுக்காடு. 2016-இல் அது 47.1 விழுக்காடு. நல்ல ஏற்றம். ஆனால் 2016-இல்கூட இரண்டில் ஒரு குழந்தைக்கு மேல், ஆறு மாதம் ஆகும் முன்பே வேறு ஏதோ ஒன்று வாய்க்குள் போயிருக்கிறது. மருத்துவமனையில் எல்லாம் சரியாகத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்த பிறகு நின்றுபோகிறது. அரசாங்கத்தின் விதிகள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். வாசலுக்கு உள்ளே உங்கள் ஆட்சி.

"பால் பத்தல"

தாய்ப்பாலை நிறுத்தும் வாக்கியம் தமிழில் இரண்டே சொல்தான்: "பால் பத்தல."

என் வீட்டிலும் இது நடந்தது. என் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தேன், குடித்தது. கீழே போட்டால் அழுகை. மறுபடி பால். மறுபடி அழுகை. இரவு பத்து மணிக்கு நானும் சேர்ந்து அழுதேன். என் அம்மா சமையலறையில் ஒரு பால் மாவு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒனக்குப் பால் பத்தலடி. புள்ள பட்டினி கிடக்குது. நான் ஒன்ன டின் பால்லதான் வளர்த்தேன். நீ என்ன கொறஞ்சா போன?" என்றார். அம்மா கோபத்தில் சொல்லவில்லை. பேரப்பிள்ளை அழுவதைத் தாங்க முடியாமல் சொன்னார்.

நான் இத்தனை கையேடுகளை மொழிபெயர்த்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. டின்னைத் திறக்கச் சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தேன். அப்போது அம்மாவே, "சரி, காலைல மிசி வருது. அதுவரைக்கும் பாப்போம். நீ இன்னொரு தடவ கொடு, நான் தட்டித் தூங்க வைக்கிறேன்" என்றார். இரவெல்லாம் அப்படியே போனது. நான் பால் கொடுப்பேன், அம்மா தோளில் போட்டுத் தட்டுவார். காலையில் மிசி வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. பால் பத்தியிருக்கிறது. அழுகைக்குக் காரணம் வேறு.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரங்களில் பல குழந்தைகள் சாயங்காலத்தில் இப்படித்தான் விடாமல் குடித்து, விடாமல் அழும். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்திலும் திடீரென்று அதிகமாகக் குடிக்கும். அது வளர்ச்சியின் வேகம். அப்படிக் குடித்தால்தான் பாலும் கூடும். இறைத்த கிணறு ஊறும் என்று நீங்களே சொல்வீர்கள். தாயின் மார்பும் அப்படித்தான். குழந்தை சப்பச் சப்ப, உடம்பு அதற்கேற்பப் பால் சுரக்கும். நடுவில் ஒரு புட்டி கொடுத்தால் குழந்தை வயிறு நிரம்பித் தூங்கிவிடும், மார்பைத் தேடாது. அடுத்த நாள் பால் கொஞ்சம் குறையும். குறைந்ததைப் பார்த்து இன்னொரு புட்டி. சில வாரங்களில் பால் உண்மையாகவே பத்தாமல் போய்விடும்.

அப்படியென்றால் பால் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அளக்காதீர்கள். இவற்றைப் பாருங்கள்:

ஒன்று, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ குழந்தை சிறுநீர் கழிக்கிறதா?

இரண்டு, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கிறதா? குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறதா?

மூன்று, கிளினிக்கில் நிறுக்கும்போது எடை ஏறுகிறதா? பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும்.

இவை மூன்றும் சரியென்றால் பால் போதும். சரியில்லை என்றால் டின்னைத் திறக்கும் முன் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலும் குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தை மாற்றினாலே சரியாகிவிடும். காம்பை மட்டும் கவ்வினால் பாலும் வராது, தாய்க்கு வலியும் புண்ணும் வரும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும்.

வைத்துக்கொள்ள வேண்டியது, விட வேண்டியது

நம் பழக்கங்கள் எல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் உட்கார வைத்து ஆக்கிப் போடுகிறோமே, அதைவிட நல்ல வழக்கம் உண்டா? பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, மீன், ரசம், எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர்க் குளியல், இவை எல்லாம் இருக்கட்டும். ஆனால் பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்கட்டும். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். காய்கறி, பழம், முட்டை எல்லாம் கொடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லாதீர்கள். அது கெட்ட பால் இல்லை. நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்த, குழந்தையின் முதல் தடுப்பு மருந்து அது. கொஞ்சமாகத்தான் வரும். குழந்தையின் வயிறும் அவ்வளவு சின்னதுதான்.

சேனை வைப்பது, தேன் தொட்டு வைப்பது, சீனித் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர், இவற்றை ஆறு மாதக் குழந்தைக்குள் கொடுக்க வேண்டாம். தேனை ஒரு வயது வரை தொடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் நரம்பைத் தாக்கி, மூச்சையே முடக்கிவிடக்கூடியது. சேனை வைப்பது ஆசி கொடுக்கத்தானே? குழந்தையின் நெற்றியில் விபூதி பூசி ஆசி கொடுங்கள். வாய்க்குள் மட்டும் எதுவும் வேண்டாம்.

குழந்தைக்கு மஞ்சள்காமாலை வந்தால் வெயிலில் காட்டுவது, குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பது இரண்டுமே வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்துக்கொண்டே உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் மூளையைப் பாதிக்கக்கூடிய நோய் அது.

இன்னொன்று நம் மலைக்கே உரியது. "தாய் பச்சத் தண்ணில கை வச்சா பால் குளிர்ந்து போயிடும், புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள். மார்பிலிருந்து வரும் பால் எப்போதும் உடம்பின் சூட்டில்தான் இருக்கும், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும். தாய்க்குச் சளி பிடித்தாலும் பால் கொடுக்கலாம். அவள் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் சக்தி பால் வழியே குழந்தைக்கும் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுக் கொடுத்தால் போதும்.

வேலைக்குத் திரும்பும் நாள்

தாய்ப்பால் நின்றுபோகும் இன்னொரு கட்டம், தாய் வேலைக்குத் திரும்பும் நாள். உங்கள் காலத்தில் பேறுகால விடுப்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் அது 98 நாளாக ஆக்கப்பட்டிருக்கிறது. தகப்பனுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 7 நாள் விடுப்பு உண்டு. இந்தச் செய்தியை உங்கள் மகனுக்கும் மருமகனுக்கும் சொல்லுங்கள். அந்த ஏழு நாளும் மருமகன் வீட்டில் துணி துவைக்கட்டும், மகள் பால் கொடுக்கட்டும்.

98 நாள் என்றால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதத்தில் மீதி இருப்பது கிட்டத்தட்ட மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் உங்கள் கையில்தான். தாய் வேலைக்குப் போகும் முன்னும், வேலையிடத்திலும் பாலைப் பீய்ச்சியோ பம்பில் எடுத்தோ வைக்கலாம். பீய்ச்சிய பாலை 4 மணி நேரம் வெளியே வைக்கலாம். குளிர்பெட்டியின் உள்பகுதியில் 4 நாள் வரை வைக்கலாம். கதவுப் பக்கம் வைக்காதீர்கள். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள், பழையதை முதலில் எடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது. ஒரு கிண்ணம் சுடுதண்ணீரில் பால் குப்பியை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைத் திரும்ப எடுத்து வைக்கக்கூடாது. மேலே கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கும். பால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

இந்தியாவில் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்கு நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. நம் வேலைச் சட்டத்தில் இப்படித் தனி விதி இல்லை. ஆகவே மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசி, பால் எடுக்க ஒரு நேரமும் ஒரு மறைவான இடமும் கேட்டு வாங்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் பெண்ணுக்குத் தைரியம் சொல்வதும் உங்கள் வேலைதான்.

வீட்டிலும் அவளுக்கு ஓர் இடம் வேண்டும். நம் வீடுகள் சின்னவை. பிள்ளை பார்க்க வந்த சொந்தங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எங்கே பால் கொடுப்பாள்? கூச்சத்தில் தள்ளிப்போடுவாள், குழந்தை அழும், யாராவது "பால் பத்தல" என்பார்கள். தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் 300-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தது. பேருந்து நிலையத்தில் அறை ஒதுக்க முடிகிறது என்றால், நம் வீட்டில் ஒரு மூலையைத் திரை போட்டு ஒதுக்க முடியாதா? தாத்தாமார்களே, வந்தவர்களை வெளித் திண்ணைக்கு அழைத்துப்போய்த் தேத்தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பது உங்கள் பொறுப்பு.

தோட்டத்திலும் காய்கறிக் கொல்லையிலும் வேலை செய்யும் பெண்களுக்கு ஒன்று. மருந்து அடித்த இடத்திலிருந்து வந்தால், உடை மாற்றி, குளித்து, கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். வேலை உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அவள் வந்தவுடன் குழந்தையை நீட்டாமல், குளிக்கச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள்

2013 அக்டோபர் 23-ஆம் தேதி இரவை நம் லெம்பா பெர்த்தாமில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் பெர்த்தாம் ஆறு பெருகி வீடுகளுக்குள் வந்தது. உயிர்கள் போயின. கட்டிய துணியோடு ஓடி உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர்.

அப்படி ஓர் இரவில் கையில் ஒரு கைக்குழந்தை இருந்தால் என்ன செய்வது? பால் மாவு டின் வீட்டோடு போய்விடும். டின் கிடைத்தாலும் நல்ல தண்ணீர் வேண்டும், அதைக் கொதிக்க வைக்க அடுப்பு வேண்டும், புட்டியைக் கொதிநீரில் சுத்தம் செய்ய வேண்டும். சேற்று வெள்ளத்தில் இவற்றுக்கு எங்கே போவது? கலங்கிய தண்ணீரில் கலக்கிய பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பாலுக்கு அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தாய் இருந்தால் போதும். மலைச்சரிவும் அணையும் உள்ள ஊரில் வாழும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முடியாதவர்களும் உண்டு

கடைசியாக ஒன்று. சில தாய்மாருக்குத் தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகலாம். சில நோய்களுக்கும் சில மருந்துகளுக்கும் டாக்டரே வேண்டாம் என்பார். அப்போது டாக்டர் சொல்லும் பால் மாவை, சொல்லும் அளவில் கொடுப்பதுதான் சரி. அளவைக் குறைத்துத் தண்ணீர் சேர்க்கக்கூடாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால், அது சோம்பலோ திமிரோ இல்லை, நோய். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் அடித்தால், உடம்பு மஞ்சளானால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் மூடியிருந்தால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பீய்ச்சி வைத்த பாலைச் சுடுதண்ணீரில் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஒரு நாள் அப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "அன்னிக்கு எனக்கும் பால் இருந்துச்சுடி. கட்டிக்கிட்டு வலிக்கும். ரவிக்கை நனஞ்சு போயிடும். எடுத்து வைக்கலாம்னு யாரும் சொல்லல. புள்ளயத் தூக்கிட்டு வந்து கொடுக்கவும் யாரும் இல்ல." சொல்லிவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியோர்களே, அன்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை வீட்டில் குழந்தை விடாமல் அழும்போது "பால் பத்தல" என்று சொல்ல வேண்டாம். "நீ கொடும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.